நாய் பூனைகளின் உணவும் சட்டத்தின் காவலும்

கொல்களத்தில் வெட்டப்படும் ஒரு மாட்டின் உடல் முழுவதும் மனிதனுடைய சமையலறைக்குச் செல்வதில்லை. உயிருடன் நிறுத்தபோதிருந்த நிறையில் ஏறக்குறையப் பாதியே இறைச்சிக் கடையை அடைகின்றது. எஞ்சியவை தோலும் கொம்பும் குளம்பும், எலும்பும் இரத்தமும், குடலும் சுவாசப்பையும் மண்ணீரலும், கத்தியின் நுனியில் சீவி எறியப்படும் கொழுப்புமாகும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் மாத்திரம் இவ்வாறு எஞ்சும் பொருள் ஆண்டொன்றுக்கு 2 கோடி தொன்னுக்கு மேற்பட்டதெனக் கணக்கிடப்பட்டுள்ளது. இதனைக் கழிவு என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது பொருந்தாது. தோல் செருப்பாகின்றது, எலும்பு பசையும் ஜெலற்றீனும் ஆகின்றது, கொழுப்பு சவர்க்காரமாகின்றது. ஈரல், இதயம், சுவாசப்பை முதலியவற்றிற் பெரும் பங்கு மேலை நாடுகளில் நாய் பூனைகளின் உணவாகித் தகரப்பேணிகளிலும் கடதாசிப் பைகளிலும் அடைபட்டுக் கடைக்கு வருகின்றது.

மாட்டின் எந்தப் பாகம் இப்பேணிக்குள் செல்லலாம், எது செல்லலாகாது என்பதைத் தீர்மானிப்பவர் யார்? நெடுங்காலம் இதற்கு விடை, தீர்மானிப்பவர் எவருமிலர் என்பதே. அவ்விடை மாறியதற்குக் காரணம், நாய் பூனைகள்மீது அரசாங்கங்களுக்குத் திடீரெனப் பிறந்த பரிவன்று. அவற்றின் உணவுக்கும் மனிதனின் உணவுக்கும் இடையே இருப்பதாகக் கருதப்பட்ட சுவர் உண்மையில் எவ்வளவு மெல்லியது என்பது தெரிய வந்தமையேயாகும்.

வளர்ப்புப் பிராணிகளுக்கென உணவு தயாரித்து விற்கும் கைத்தொழில் மிகப் பழையதன்று. 1860ஆம் ஆண்டை ஒட்டி, ஜேம்ஸ் ஸ்பிராற் என்ற அமெரிக்கர் இலண்டன் மாநகரில் நாய்களுக்கென்றே ஒருவகைப் பிஸ்கற்றைச் செய்து விற்கத் தொடங்கினார். கோதுமை, காய்கறி, இறைச்சி நார் ஆகியவற்றால் அது செய்யப்பட்டதெனச் சொல்லப்பட்டது. அதன் பின் 1922ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் குதிரை இறைச்சியைப் பேணியிலடைத்து நாயுணவாக விற்கும் தொழில் தோன்றிற்று. மோட்டார் வண்டி பெருகியதால் குதிரைகளுக்கு வேலையற்றுப் போயிருந்த காலம் அது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது தகரத்துக்குத் தட்டுப்பாடு ஏற்படவே பேணியுணவு அருகி, உலர்ந்த உணவு இடம் பிடித்தது. இவ்வரலாறு முழுவதிலும் ஒரு பொதுப் பண்பைக் காணலாம்: மனிதனுக்கு அவ்வேளையில் வேண்டாததாயிருந்தது எதுவோ, அதுவே நாயின் உணவாயிற்று.

இப்பண்பு தன்னளவில் குற்றமுடையதன்று. மாட்டின் மண்ணீரலைத் தின்னும் நாய் எவ்வகையிலும் வஞ்சிக்கப்படவில்லை. காட்டில் வேட்டையாடும் விலங்கு இரையின் உள்ளுறுப்புக்களையே முதலில் நாடுகின்றது. பூனையின் நிலை இன்னும் தெளிவானது. டோரின் என்ற சத்து விலங்கின் திசுக்களிலேயே, சிறப்பாக இதயத்தில், மிகுதியாகவுண்டு. அதனைத் தன் உடலில் வேண்டிய அளவுக்கு ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் பூனைக்கு இல்லை. விற்பனையிலிருந்த உணவுகளையே உண்டு வளர்ந்த பூனைகள் பல இச்சத்துக் குறைவால் இதயம் வீங்கி இறந்தன என்பதை 1987ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் நிறுவினர். உபபொருள் என்ற சொல்லைக் கேட்டதும் முகஞ் சுளிப்போர் இதனை நினைவிற் கொள்வது நன்று. சுவாசப்பையும் இதயமும் ஈரலும் தீய பொருள்கள் அல்ல. தீமை விளைவது, எந்த விலங்கினுடைய சுவாசப்பை, எவ்வாறு இறந்த விலங்கினுடையது, எங்கே எவ்வளவு நேரம் கிடந்தது என்ற கேள்விகளைக் கேட்க எவரும் இல்லாத போதேயாம்.

இங்கிலாந்தில் இக்கேள்விகளைச் சட்டம் முதன்முதற் கேட்டது நாயை முன்னிட்டன்று, மனிதனை முன்னிட்டே. கொல்களத்துப் பரிசோதகர் உண்ணத் தகாததென ஒதுக்கிய இறைச்சியும், பண்ணையில் நோயுற்றும் விபத்துற்றும் இறந்த விலங்குகளின் இறைச்சியும் நாயுணவுக்கென மலிவாக விற்கப்பட்டன. மலிவாக வாங்கிய இறைச்சியை நல்லிறைச்சியெனப் பெயர் மாற்றி விற்பவனுக்குக் கிடைக்கும் இலாபம் மிகப் பெரியது. இதனைத் தடுப்பதற்காக 1969ஆம் ஆண்டில் ஒரு பிரமாணம் இயற்றப்பட்டது. அத்தகைய இறைச்சி கிருமி நீங்க வேகவைக்கப்பட்ட பின்னரே வெளியே செல்லலாம் என்று அது விதித்தது. 1982ஆம் ஆண்டின் பிரமாணம் வேகவைத்தலோடு சாயமிடுதலையும் சேர்த்தது. சாயமிட்ட இறைச்சியை எந்தக் கடைக்காரனும் மனித உணவாக விற்க முடியாது என்பது அதன் எளிய தத்துவம். நூறு பக்கச் சட்டம் செய்ய முடியாததை ஒரு வாளிச் சாயம் செய்துவிடும் என்று எண்ணியோர் பெரிதும் தவறவில்லை.

ஆயினும் அச்சாயம் எல்லா இறைச்சிக்கும் இடப்படவில்லை. ஒதுக்கப்பட்ட கோழியிறைச்சி அவ்விதியின் பிடிக்குள் வரவில்லை. இந்த ஓட்டையின் வழியே நிகழ்ந்ததை வடஇங்கிலாந்தின் றொதெராம் நகரத்து வழக்கு உலகறியச் செய்தது. நாயுணவுக்கென வாங்கப்பட்ட பழுதான கோழியிறைச்சி, 1990களின் நடுப்பகுதியில், அங்கே கழுவித் துப்புரவாக்கப்பட்டு, போலிச் சான்றுகளுடன் மனித உணவுச் சந்தையிற் கலந்தது. நூற்றுக்கணக்கான தொன் அவ்வாறு சென்றது. 2000ஆம் ஆண்டின் இறுதியில் ஹல் நகர நீதிமன்றம் குற்றவாளிகளைச் சிறைக்கு அனுப்பிற்று. கோழிக்கும் சாயமிடும் கடமை அதன் பின்னரே வந்தது. நாயின் உணவைக் கண்காணியாதிருந்தால் அதனால் முதலிற் கெடுவது நாய்தான் என்று எண்ணுவதற்கில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதற்குள் பிரித்தானியாவை மிகப் பெரிய ஒரு துன்பம் பிடித்திருந்தது. 1986 நவம்பர் மாதத்தில், வேபிறிட்ஜ் என்ற இடத்திலுள்ள மத்திய மிருக வைத்திய ஆய்வுகூடம், பசுக்களிடையே புதியதொரு மூளைநோய் தோன்றியிருப்பதை உறுதி செய்தது. பசு தள்ளாடும்; அஞ்சி உதைக்கும்; ஈற்றில் எழ முடியாது விழுந்து சாகும். அதன் மூளையை நுணுக்குக்காட்டியில் நோக்கினால் பஞ்சுபோலத் துளைபட்டிருக்கும். நோய் பரவிய வழியை ஆராய்ந்தோர், மாடுகளின் தீனியிற் கலக்கப்பட்ட இறைச்சி எலும்பு மாவே காரணமென அடுத்த ஆண்டில் முடிவு கட்டினர். கொல்களத்து எச்சங்களை உருக்கி அரைத்துப் பெறும் அந்த மா, புல் தின்னும் மாட்டுக்கு அதன் இனத்தின் உடலையே ஊட்டியது. 1988 யூலை மாதத்தில் மாடு, ஆடு முதலிய அசைபோடும் விலங்குகளுக்கு அதனை ஊட்டுவது தடை செய்யப்பட்டது.

அடுத்து நிகழ்ந்தது வரலாற்றில் ஒரு விசித்திரம். நாயுணவு, பூனையுணவு செய்யும் நிறுவனங்களின் சங்கத்தார் 1989ஆம் ஆண்டிலே தம் உறுப்பினருக்கு ஓர் ஆலோசனை கூறினர். மாட்டின் மூளை, முண்ணாண், மண்ணீரல் முதலிய ஐயத்துக்குரிய பாகங்களைத் தம் தயாரிப்புக்களிற் சேர்க்கலாகாது என்பதே அது. சட்டம் எதுவும் அவர்களை வற்புறுத்தவில்லை. பிரித்தானிய மக்களின் உணவிலிருந்து அதே பாகங்களை நீக்கும் அரசாங்கக் கட்டளை, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதே ஆண்டு நவம்பர் 13ஆம் தேதியே நடைமுறைக்கு வந்தது. மனிதனின் உணவுக்கு முன்னர் நாயின் உணவு தூய்மை செய்யப்பட்ட காலம் ஒன்று இருந்தது என்பது பலரும் அறியாத செய்தி. வாடிக்கைக்காரர் அச்சமுற்று விலகினால் ஒரு நிறுவனம் வீழ்ந்துவிடும். அரசாங்க அலுவலகத்துக்கு அந்தப் பயம் இல்லை. இவ்விரைவுக்குக் காரணம் தருமசிந்தனையிலும் பார்க்க வியாபார அறிவேயெனலாம். எக்காரணத்தாற் செய்யப்பட்டாலும் செயல் சரியானதே.

ஆனால் அத்தீர்மானம் முன்னரே உண்ணப்பட்டுவிட்ட உணவை மீட்க முடியவில்லை. 1990 மே மாதத்தில், பிறிஸ்ரல் நகரில் சயாம் இனப் பூனையொன்று இத்தகைய மூளைநோயால் இறந்ததென அறிவிக்கப்பட்டது. மக்ஸ் என்பது பத்திரிகைகள் அதற்கு வழங்கிய பெயர். பசுவின் நோய் பசுவோடு நிற்கும், அது வேறு இனத்துக்குத் தாவாது என்று அதுவரை சொல்லப்பட்டு வந்த ஆறுதல் அன்றோடு அற்றது. மனிதனும் பூனையும் ஒன்றல்ல என்பது உண்மைதான். பூனையும் பசுவும்தாம் ஒன்றல்லவே! அந்த மாதத்திலேயே விவசாய அமைச்சர் ஜோன் கமர், மாட்டிறைச்சி அபாயமற்றதென மக்களுக்குக் காட்டும் பொருட்டு, படப்பிடிப்பாளர் சூழ நின்றிருக்கத் தம் சிறு மகளுக்கு இறைச்சி ரொட்டியொன்றை ஊட்ட முனைந்தார். இறந்துபோன ஒரு பூனைக்கு அரசாங்கம் கூறிய மறுமொழி அது.

செப்டெம்பர் மாதத்தில், ஆய்வுகூடத்தில் இந்நோய்ப் பொருள் ஏற்றப்பட்ட பன்றியொன்றுக்கு நோய் கண்டது. அதன் பின் நாய் பூனை உணவு உட்பட எல்லா விலங்குணவுகளிலிருந்தும் அப்பாகங்களை விலக்கும் கட்டளை பிறந்தது. சங்கத்தாரின் ஆலோசனை சட்டமாவதற்கு ஓர் ஆண்டுக்கு மேற் சென்றது. அந்த ஆலோசனையை ஏற்காத சிறு தயாரிப்பாளர் எத்தனை பேர் அந்த இடைக்காலத்தில் என்ன விற்றனர் என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது. தாமே முன்வந்து செய்யும் ஒழுங்குக்கும் சட்டத்தாற் கட்டுப்படும் ஒழுங்குக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

பிரித்தானியாவில் ஈற்றில் ஏறக்குறைய 90 பூனைகளில் இந்நோய் கண்டறியப்பட்டது. விலங்குக் காட்சிச்சாலைகளில் மாட்டின் உடலைப் பச்சையாக உண்ட சீற்றாக்களும் பூமாக்களும் அவ்வாறே இறந்தன. நாய்களில் இந்நோய் உறுதி செய்யப்படவில்லை. அவற்றின் உடலமைப்பில் ஏதோ ஓர் எதிர்ப்புத் தன்மை உண்டு போலும். மாடுகளில் 1,80,000க்கு மேற்பட்டவை நோயுற்றன. 1996 மார்ச் 20ஆம் தேதி, மனிதரிடத்திற் காணப்பட்ட புதுவகை மூளைநோய்க்கும் இதற்கும் தொடர்பிருத்தல் கூடும் என்று சுகாதார அமைச்சர் பாராளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அந்நோயாற் பிரித்தானியாவில் மாத்திரம் 178 பேர் மாண்டனர். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பூனை காட்டிய எச்சரிக்கை அது.

இத்துன்பத்திலிருந்தும், 1999இல் பெல்ஜியத்துத் தீனிக் கொழுப்பில் டயொக்சின் நஞ்சு கலந்த சம்பவத்திலிருந்தும், 2001இல் பிரித்தானியாவிற் பரவிய கோமாரியிலிருந்தும் பிறந்ததே ஐரோப்பிய ஒன்றியத்தின் உபபொருட் பிரமாணம். அது 2002 ஒக்ரோபரில் இயற்றப்பட்டு 2003 மே மாதம் முதல் நடைமுறைக்கு வந்தது. 2009இல் திருத்தி எழுதப்பட்டு 2011 மார்ச் மாதம் முதல் இன்றைய வடிவில் வழங்குகின்றது. அதன் விதிகள் பல நூறு பக்கங்களில் விரிந்தாலும் உட்கருத்து ஒன்றே: உபபொருள் யாவும் பிறக்கும் இடத்திலேயே மூன்று வகுப்பாகப் பிரிக்கப்பட வேண்டும், ஒருமுறை கீழ் வகுப்புக்குச் சென்றது மேல் வகுப்புக்கு மீளலாகாது.

முதலாம் வகுப்பு மிகக் கொடியது. மூளைநோய்க்குரிய பாகங்கள், அந்நோயால் ஐயுறப்பட்ட விலங்குகள், காட்சிச்சாலை விலங்குகள், பரிசோதனைக்கு உட்பட்ட விலங்குகள் ஆகியன இதிலடங்கும். இறந்த நாய் பூனைகளின் உடல்களும் இவ்வகுப்பிலேயே வைக்கப்பட்டுள்ளன. ஆதலின் நாயின் உடல் நாயின் உணவாகும் வழி ஐரோப்பாவில் அடைபட்டுவிட்டது. இரண்டாம் வகுப்பிற் பண்ணையில் தாமாக இறந்த விலங்குகளும், அளவுக்கு மிஞ்சிய மருந்தெச்சமுள்ளவையும், சாணமும் அடங்கும். இவை உரமாகலாம், எரிபொருளாகலாம், உணவாகா. மூன்றாம் வகுப்பிலுள்ளவை பெரும்பாலும் பரிசோதனையில் தேறிய விலங்குகளின் பாகங்கள். மனிதன் விரும்பி உண்ணாமையால் எஞ்சியவை. நாய் பூனைகளின் உணவு, மிகச் சில விதிவிலக்குகள் நீங்கலாக, இம்மூன்றாம் வகுப்பிலிருந்தே செய்யப்படல் வேண்டும். நோயால் இறந்த பசு நாய்க்கும் ஆகாது என்ற இந்த ஒரு விதி, முன்னிருந்த வழக்கத்தைத் தலைகீழாக்கியது.

வகுப்புக்கள் ஒன்றோடொன்று கலவாதிருக்கச் செய்யப்பட்டுள்ள ஏற்பாடுகள் கவனிக்கத்தக்கவை. நாடு விட்டு நாடு செல்லும் சுமைகளில் முதலாம் வகுப்புக்குக் கறுப்பும், இரண்டாம் வகுப்புக்கு மஞ்சளும், மூன்றாம் வகுப்புக்கு நீலங் கலந்த பச்சையும் அடையாள நிறங்களாக இடப்பட்டுள்ளன. ஒவ்வொரு சுமையோடும் ஒரு பத்திரம் செல்ல வேண்டும். அனுப்பியவர், ஏற்றிச் சென்றவர், பெற்றவர் மூவரும் அதனை இரண்டு ஆண்டு வைத்திருத்தல் வேண்டும். உருக்கி அரைத்த பின்னர்ச் சாயமும் நிறமும் பயன்படா. எல்லாம் ஒரே கபில நிறத் தூளாகிவிடும். எனவே முதலிரு வகுப்புக்களின் தூளிலும் கொழுப்பிலும் நிறமும் மணமும் அற்ற ஓர் இரசாயனப் பொருளைக் கலக்குமாறு விதித்துள்ளனர். கொழுப்பின் ஒரு கிலோவுக்கு 250 மில்லிகிராம் அதன் குறைந்த அளவு. கண்ணுக்குப் புலப்படாத அச்சாயத்தை ஆய்வுகூடம் கண்டுகொள்ளும். நாயுணவுத் தொழிற்சாலையில் அது அகப்பட்டால் எந்த வாயிலால் உள்ளே நுழைந்தது என்ற விசாரணை தொடங்கும்.

தொழிற்சாலைக்குள்ளும் விதிகள் உண்டு. பேணியில் அடைக்கப்படாத உலருணவு அதன் உட்பகுதி வரை 90 பாகைச் சூட்டையாவது அடைதல் வேண்டும். ஐந்து மாதிரிகளை எடுத்தால் அவற்றுள் ஒன்றிலேனும் 25 கிராமுக்குள் சல்மொனெல்லாக் கிருமி இருக்கலாகாது. அக்கிருமி நாயைப் பெரும்பாலும் வருத்துவதில்லை. நாயின் தட்டைக் கழுவும் தாயையும், நாயோடு விளையாடும் குழந்தையையுமே வருத்தும்.

ஐக்கிய அமெரிக்காவின் நிலை வேறு. அங்கே 1938ஆம் ஆண்டின் உணவு மருந்துச் சட்டம், கொல்லப்பட்டன்றி வேறு வகையால் இறந்த விலங்கின் பொருள் கலந்த உணவு கெட்ட உணவேயெனத் தெளிவாகக் கூறுகின்றது. விலங்குகளின் உணவும் அச்சட்டத்துள் அடங்கும். எனினும் உருக்கிக் காய்ச்சும் முறை கிருமிகளைக் கொல்கின்றது என்ற காரணத்தால், உருக்கிப் பெறும் பொருள்கள்மீது அச்சட்டம் நெடுங்காலம் முழுமையாகச் செலுத்தப்படவில்லை. சட்டப் புத்தகம் ஒன்று சொல்ல, வழக்கம் வேறொன்று செய்த இந்த இடைவெளியில் ஒரு விபரீதம் தலைகாட்டிற்று.

நோயுற்ற நாய்களையும் குதிரைகளையும் வலியின்றிச் சாகச் செய்வதற்கு மிருக வைத்தியர் பென்ரோபாபிற்றல் என்ற மருந்தை ஊசி மூலம் ஏற்றுவர். தம் நாய்களுக்கு மயக்கம் ஏற்றும்போது அம்மருந்து முன்போல வேலை செய்யவில்லை என அமெரிக்க மிருக வைத்தியர் சிலர் முறையிட்டனர். நாள்தோறும் உணவின் வழியே அது சிறிது சிறிதாக உடலிற் சேர்ந்து பழகிப்போயிருக்குமோ என்ற ஐயம் எழுந்தது. அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் கடைகளில் நாயுணவுகளை வாங்கிப் பரிசோதித்து 2002இல் முடிவை வெளியிட்டது. பல மாதிரிகளில் அம்மருந்தின் சிற்றளவு காணப்பட்டது. இறந்த நாய்களே நாயுணவாகின்றனவோ என்று மக்கள் அஞ்சினர். மரபணுச் சோதனையில் நாயின் சுவடோ பூனையின் சுவடோ காணப்படவில்லை. மருந்து ஏற்றப்பட்ட மாடுகளிலிருந்தோ குதிரைகளிலிருந்தோ அது வந்திருக்கலாம் என நிருவாகம் கருதியது. கண்ட அளவு தீங்கு செய்யப் போதாது என்றும் கூறிற்று. அந்த ஆறுதல் நெடுநாள் நிலைக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் கடைசி நாளில், வாஷிங்ரன் மாநிலத்தில் ஒரே பேணியுணவை உண்ட நாய்கள் சில மயங்கி வீழ்ந்தன, ஒன்று இறந்தது. அந்த உணவில் அதே மருந்து இருந்தது. 2017 பெப்ரவரியில் அவ்வுணவு சந்தையிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் வேறொரு நிறுவனத்தின் பேணியுணவுகளும் அவ்வாறே திருப்பி அழைக்கப்பட்டன. அங்கே மருந்து வந்த வழி உருக்கிய கொழுப்பு.

சூடு எல்லாவற்றையும் அழிக்கும் என்ற நம்பிக்கைமீதே பழைய ஒழுங்கு கட்டப்பட்டிருந்தது. பசுவின் மூளைநோயை உண்டாக்கும் புரதம் சாதாரண உலைச்சூட்டில் அழியவில்லை. பென்ரோபாபிற்றல் கொழுப்போடு உருகி அப்படியே மறுபக்கம் வெளிவந்தது. மூன்றாவதாக ஓர் உதாரணமும் உண்டு. மாட்டின் தொண்டைப் பகுதியிலிருந்து இறைச்சி சீவப்படும்போது அங்குள்ள தைரொயிட் சுரப்பியும் சேர்ந்து வந்துவிடுவதுண்டு. அந்தச் சுரப்பியின் சுரப்பும் சமையற் சூட்டுக்கு அழியாது. அத்தகைய உணவைத் தொடர்ந்து தின்ற நாய்கள் மெலிந்து, ஓயாது நீர் குடித்து, அமைதியின்றி அலைந்தன. 2017இல் அமெரிக்காவில் இதன் பொருட்டும் பேணிகள் திருப்பி அழைக்கப்பட்டன. இங்கே விலங்கு நோயுற்றதன்று, இறைச்சி பழுதானதன்று, எவரும் மோசடி செய்யவுமில்லை. கத்தி பிடித்தவன் இரு அங்குலம் தள்ளி வெட்டவில்லை, அவ்வளவே. சமைக்கும் இடத்திற் காவல் வைப்பதிலும் வெட்டும் இடத்திற் காவல் வைப்பது மேல் என்று ஐரோப்பியர் கொண்ட கொள்கை இவ்விடத்தில் வலுப்பெறுகின்றது.

வாங்குபவர் பேணியின் மேலுள்ள சீட்டைப் படித்து இவற்றையெல்லாம் அறிதல் கூடுமா? இயலாது. ஐரோப்பாவில் இறைச்சியும் விலங்குப் பெறுபொருளும் என்ற ஒரே தொடருக்குள் ஈரலும் அடங்கும், சுவாசப்பையும் அடங்கும். அமெரிக்காவில் 1909ஆம் ஆண்டில் அமைந்த தீனி அதிகாரிகள் சங்கம் சொற்களுக்கு நுணுக்கமான பொருள் வகுத்துள்ளது. அதன்படி இறைச்சி உபபொருள் என்பது சுவாசப்பை, மண்ணீரல், சிறுநீரகம், ஈரல், இரத்தம், உள்ளீடு நீக்கிய இரைப்பை, குடல் முதலியவற்றைக் குறிக்கும். மயிர், கொம்பு, பல், குளம்பு ஆகியவற்றைக் குறிக்காது. நல்ல வரையறைதான். ஆனால் அங்காடியில் நின்று பேணியைத் தூக்கிப் பார்க்கும் மூதாட்டிக்கு அவ்வரையறை எங்கே கிடைக்கும்? படிக்க இயலாதவற்றைப் படிக்குமாறு வாங்குபவரை ஏவுவதிலும், படிக்கத் தேவையில்லாதவாறு வாயிலிலே தடுத்துவிடுவதே நியாயமானது.

உபபொருளைக் கண்டு அஞ்சியோர் சிலர் அண்மைக் காலத்தில் வேறொரு பக்கம் திரும்பினர். தொழிற்சாலையும் வேண்டாம், சூடும் வேண்டாம், இயற்கை முறையிற் பச்சை இறைச்சியே ஊட்டுவோம் என்பது அவர்கள் கொள்கை. இவ்வாறு உறையவைத்த பச்சை இறைச்சியுணவு விற்கும் தொழிலும் வேகமாக வளர்ந்துள்ளது. ஐரோப்பியப் பிரமாணம் இதற்குத் தனி விதி வகுத்துள்ளது: மூன்றாம் வகுப்பிலும், மனிதன் உண்ணத் தக்கதெனத் தேறிய பாகங்களும், தொற்றுநோய்க்குறி எதுவும் காணப்படாத விலங்குகளின் சில பாகங்களுமே இதற்கு உதவும். சூட்டின் துணையில்லாதபோது பொருளின் தெரிவு இன்னும் கடுமையாதல் வேண்டும் என்பது காரணம்.

அக்கடுமையும் சில வேளை போதவில்லை. 2018, 2019ஆம் ஆண்டுகளில் பிரித்தானியாவில் வீட்டை விட்டு வெளியே செல்லாத பூனைகள் பலவற்றுக்கு மாட்டுக் காசநோய் கண்டது. ஒன்றுக்கொன்று தொடர்பற்ற வீடுகள், வெவ்வேறு ஊர்கள். எடின்பரோப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தபோது அப்பூனைகள் பலவும் மான் இறைச்சியாலான ஒரே பச்சையுணவை உண்டிருந்தன என்பது தெரிந்தது. 2023இல் போலந்து நாட்டிற் பல பூனைகள் பறவைக் காய்ச்சலால் இறந்தன. பச்சைக் கோழியிறைச்சிமீது ஐயம் விழுந்தது. அதே ஆண்டில் தென்கொரியாவின் சியோல் நகரிலும், 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்திலும் பச்சையுணவிலேயே அக்கிருமி அகப்பட்டது. கொல்களத்திற் பறவையைக் கண்ணாற் பார்த்துத் தேறியதென முத்திரையிடும் பரிசோதகர், நோய் வெளிப்படாத பறவையின் உடலிலுள்ள வைரசைக் காண்பதற்கில்லை.

2025 ஜனவரியில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் ஒரு கட்டளை பிறப்பித்தது. சூடேற்றாத கோழியிறைச்சி, மாட்டிறைச்சி, பால், முட்டை ஆகியவற்றைக் கொண்டு நாய் பூனைகளின் உணவு செய்யும் நிறுவனங்கள், அச்சட்டத்தின் கீழ்த் தாம் எழுதி வைத்திருக்கும் பாதுகாப்புத் திட்டத்தை மீண்டும் எடுத்து, பறவைக் காய்ச்சலையும் தெரிந்த ஓர் அபாயமாக அதிற் சேர்த்து ஆராய வேண்டும் என்பது அதன் சாரம். திட்டத்தை எழுதுபவர் நிறுவனத்தாரே. அதனைச் சரிபார்க்கப் பரிசோதகர் வருவது ஆண்டுக்கு ஒருமுறையோ, அதனினும் அரிதாகவோதான்.